கல் மூர்த்தி

டெல்லியில் டிசம்பர் மாதம் குளியலறைத் தரை காய்வதே இல்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலை வரை அப்படியே கிடக்கும். மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி கட்டடம் பழையது. மொசைக் தரை தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஜலஜாவிடமும் சொன்னேன். அவர் போட்டுக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஹிந்தி மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டாள். முதல் மாடியில் தனியாக இருக்கிறேன். ஜலஜா இரண்டாவது மாடியில், என் தலைக்கு நேர் மேலே இருந்தார். அவரும் தனியாகத்தான். மகள் ஷ்வேதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதற்கு வெட்கம் என்பதைச் சொல்ல ஒரு பழைய டிவி தொடரிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் 'தூஸ்ரா பதா' என்று ஒரு ஹிந்தி உளவுத் தொடர் வந்தது. இரண்டாவது முகவரி என்று பொருள். அப்போது நாங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வியாழக்கிழமை இரவு டிவி இருக்கும் வீட்டில் டிவி இல்லாத வீடுகள் எல்லாம் வந்து உட்காரும். மேஜர் கன்னா என்ற உளவு அதிகாரி எதிரிகளுக்குப் போகும் ஒரு ஃபிலிம் சுருளைத் தேடுகிறார். கரோல் பாகில் ஒரு வீடு. அங்கே வேலை செய்யும் மதராஸி ஆயா அவருக்கு ரகசியமாகத் துப்புக் கொடுக்கிறாள்.

கடைசியாக ஒளிபரப்பான பகுதியில் கன்னாவின் மேஜையில் ஃபோன் அடிக்கிறது. மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல் ஒரே ஒரு சொல் சொல்கிறது.

"கல்…"

லைன் அறுந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் ஆயா செத்துக் கிடக்கிறாள். சுருள் கிடைக்கவில்லை. தொடரும் அத்தோடு நின்றுவிட்டது.

ஹிந்தியில் கல் என்றால் நேற்று. கல் என்றால் நாளை. இரண்டுக்கும் ஒரே சொல். வினைச்சொல் வந்தால்தான் எது என்று தெரியும். அவள் வினைச்சொல் வருவதற்குள் செத்துப்போனாள்.

இதை வைத்துக்கொண்டு நாற்பது வருடங்களாகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ வீட்டில் பதிவு செய்த மங்கலான பிரதி யூடியூபில் வந்த பிறகு சண்டை இன்னும் வலுத்தது. இதற்கென்றே நாங்கள் வைத்திருக்கும் குழுவில் டெல்லித் தமிழர்கள்தான் அதிகம். மாதம் ஒருமுறை என் வீட்டு ஹாலில் கூடுவோம். வர முடியாதவர்கள் ஃபோனில் பார்ப்பார்கள். மது என்ற பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை செய்பவள், அதை லைவ் போடுவாள்.

நான் நேற்றுக் கட்சி. சுருள் நேற்றே கைமாறிவிட்டது, ஆகவே கன்னாவின் உதவியாளன்தான் துரோகி என்பது என் வாதம். மொழிபெயர்ப்பாளன் சொல்கிறான் என்பதால் அதற்கு மதிப்பு இருந்தது. லக்னோவிலிருந்தும் போபாலிலிருந்தும் ஹிந்திக்காரர்கள் எனக்கு ஃபோன் செய்து சந்தேகம் கேட்பார்கள். குழுவில் எனக்குப் பெயரே 'கல் மூர்த்தி'. வைத்தவர் கோபாலன், ரயில்வேயில் இருந்தவர், நாளைக் கட்சி.

"ஓய் கல் மூர்த்தி, நாப்பது வருஷமா நேத்துலயே உட்கார்ந்திருக்கீரே, நாளைக்கு எப்ப வரப் போறீர்?" என்பார்.

"உங்க ரயில் மாதிரிதான், கோபாலன். லேட்டா வரும்" என்பேன்.

வேலையில் இருந்தபோது என்னை யாரும் எதற்கும் தேடியதில்லை. சுற்றறிக்கையை மொழிபெயர்த்து வைத்தால் அதை யாரும் படிப்பதில்லை. பிறகு ஓய்வு. பிறகு மனைவியும் போனாள். அந்த ஒரு சொல்தான் எனக்கு மிச்சமிருந்தது.

ஜலஜா போன வருடம் மழைக்காலத்தில் மேல் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மதுரைப் பக்கம். நன்றாகச் சிரிப்பார். வந்த வாரமே ஒரு மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "ஒத்தையில இருக்கவ சார். ஏதாச்சும்னா கீழ ஒரு ஆள்கிட்ட சாவி இருக்குன்னு ஒரு தைரியம்" என்றார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதை மாட்டிவைத்தேன்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நவம்பரில் ஒருமுறை வந்தார். ஒன்றும் பேசவில்லை. மது அந்தக் காட்சியைப் போட்டபோது மட்டும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில், அடுத்த கூட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை, ஒரு டப்பாவில் அதிரசம் எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்த ஃபோன்ல பேசறது நாந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"இங்க டெல்லியில காலேஜ்ல படிக்கிறப்ப. என் கூடப் படிச்ச பொண்ணோட மாமா அந்தத் தொடர்ல உதவி டைரக்டரு. ஆயாவுக்குத் தமிழ்க் குரல் வேணும்னு என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரே ஒரு வரி. 'கல்லுக்கு அடியில இருக்கு.' பாதியில கட் பண்ணிட்டாங்க."

நான் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"அது ஹிந்தியே இல்ல சார். தமிழு. அதுக்கு முந்தின பகுதியில அந்த ஆயா அம்மியில அரைச்சுக்கிட்டு இருப்பாள்ல? கேமரா அந்த அம்மியையே காட்டும். அதுக்கு அடியிலதான் சுருளு. சாகப் போறவ ஹிந்தியிலயா பேசுவா? ஹிந்திக்காரங்களுக்குப் புரியாது, நம்ம ஆளுங்க உடனே கண்டுபிடிச்சிருவாங்கன்னு டைரக்டர் சொன்னாரு." சிரித்தார். "நம்ம ஆளுங்கதான் நாப்பது வருஷமா நேத்தா நாளையான்னு அடிச்சுக்கறீங்க."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சார். உங்க கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. சனிக்கிழமை கூட்டத்துல நானே சொல்லட்டுமா? ஷ்வேதாகிட்டகூட ஒரு சர்ப்ரைஸ்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"சொல்லுங்க" என்றேன். அதிரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் போன பிறகு அந்தக் காட்சியைப் போட்டுக் கேட்டேன். ஒருமுறை போதும். அந்த 'ல்' ஹிந்தி 'ல்' போல் மெலிதாக முடியவில்லை. நாக்கு மேலே ஒட்டி அடுத்த எழுத்துக்குத் தயாராக நிற்கிறது. கல்லு என்று சொல்லப் போகிற நாக்கு. தாய்மொழியில் ஒரு பெண் உதவி கேட்டதை நாற்பது வருடங்கள் வேற்று மொழியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டு மொழியும் தெரியும் என்பதற்காகச் சம்பளம் வாங்கியவன். நான் வெட்கப்படுவதாகச் சொன்னேனே, அது இதற்குத்தான். கோபாலனின் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது. லக்னோக்காரர் இனிமேல் ஃபோன் செய்ய மாட்டார் என்பதும் தெரிந்தது.

வியாழக்கிழமை எதுவும் நடக்கவில்லை. மாடிப்படியில் எதிரில் வந்த ஜலஜாவிடம் ரப்பர் விரிப்பைப் பற்றிச் சொன்னது அன்றுதான். அக்கறையோடுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வாளியாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டும் சத்தம். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து என் குளியலறை வழியாக ஓர் இரும்புக் குழாய் இறங்குகிறது. அதில் யாரோ எதையோ வைத்துத் தட்டுகிறார்கள். மூன்று தட்டு, நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு.

காற்றுப்போக்கிச் சந்து வழியாகக் குரலும் வந்தது. மெல்லிய குரல்.

"மூர்த்தி சார்… விழுந்துட்டேன்… சாவி இருக்குல்ல…"

நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வாளியில் விழும் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. நிரம்பிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

நான் போகக்கூடாது என்று முடிவு செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். அவராலேயே எழுந்துகொள்ள முடியும் என்று தோன்றியது. எழுந்துகொண்டால் சனிக்கிழமை கூட்டத்துக்கு வருவார் என்றும் தோன்றியது.

குளிர்காலத்தில் இங்கே எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு எதிர் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. வேலைக்காரி பவுனுவும் விழுப்புரத்துக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம், அவர் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. அந்தக் குழாய் என் வீட்டுக்கு மட்டும்தான் பேசியது.

சனிக்கிழமை காலை காவலாளி பிரேம்சிங் கதவைத் தட்டினார். கையில் ஃபோன். பெங்களூரிலிருந்து ஷ்வேதா, அம்மா ஃபோனை எடுக்கவில்லை என்று இவரை விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். மேலே போய் மணி அடித்துப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

"சாப், ஊப்பர்வாலி மேடம் கோ கப் தேகா?" மேல் வீட்டு அம்மாவை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"கல்" என்றேன்.

"அச்சா" என்றார். ஃபோனில், கீழ் வீட்டு சாப் நேற்றுக்கூடப் பார்த்திருக்கிறார், மேடம் மார்க்கெட்டுக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். ஜலஜா ஃபோனுக்குச் சார்ஜ் போட மறப்பவர் என்பது மகளுக்குத் தெரியும். அவளும் நம்பிவிட்டாள்.

நான் சொன்னது ஒரு சொல். நாளை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போது என் மனதில் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. பிரேம்சிங் தவறாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று பல நாள் என்னிடமே வாதாடியிருக்கிறேன். ஆனால் இறந்தகாலத்தில் கேட்ட கேள்விக்கு எதிர்காலத்தில் பதில் கிடையாது. இதை அலுவலகத்தில் எத்தனையோ புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலை கூட்டம் நடந்தது. ரத்து செய்தால் காரணம் கேட்பார்கள்.

"மேடம் எங்க ஓய்? வரேன்னாளே" என்றார் கோபாலன்.

"வந்தா பார்க்கலாம்" என்றேன். இதிலும் பொய் இல்லை.

மது ஃபோனை நிமிர்த்தி வைத்தாள். "அங்கிள், ரெடியா? ஆன் பண்ணிடட்டா?"

நேற்று என்ற வாதத்தை என்னால் இனிமேல் பேச முடியாது. காதில் விழுந்ததை விழாததாக எப்படி ஆக்குவது? ஆகவே உண்மையைச் சொன்னேன். அது ஹிந்தி இல்லை, தமிழ் என்றேன். கல் இல்லை, கல்லு. அம்மிக் கல். அந்த முந்தைய பகுதியை நினைத்துப் பாருங்கள், கேமரா ஏன் அந்த அம்மியையே காட்டுகிறது என்றேன். 'ல்' ஒலியில் நாக்கு எங்கே நிற்கிறது என்று விளக்கினேன். என்றைக்கும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

யாரிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஹால் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. மூன்று தட்டு. இடைவெளி நீண்டிருந்தது. பலமும் குறைந்திருந்தது.

"என்ன ஓய் சத்தம்?" என்றார் கோபாலன்.

"பைப்" என்றேன்.

"கல் மூர்த்தி வீட்டுல பைப்புகூடக் கை தட்டறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "தோத்துட்டேன் ஓய். நாம ரெண்டு பேருமே தோத்தோம். ஆனா கண்டுபிடிச்சது நீர்" என்றார். மது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசல் கதவை மூடிவிட்டு நான் குளியலறைப் பக்கம் போகவில்லை. அன்று சமையலறைத் தொட்டியிலேயே கை கால் கழுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவும் அம்மா ஃபோனை எடுக்காததால், ஞாயிற்றுக்கிழமை காலை விமானத்தில் ஷ்வேதா வந்துவிட்டாள். மேலே மணி அடித்துவிட்டு என்னிடம் வந்தாள். நான் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குச் சாவி பூட்டில் நுழையவில்லை. ஆகவே பூட்டை நான்தான் திறந்தேன்.

ஜலஜா குளியலறைத் தரையில் சுவரோரமாகக் கிடந்தார். நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதனால் யாரும் சாவதில்லை, ஈரமும் குளிரும்தான், விடியற்காலையில் போயிருக்க வேண்டும், முந்தின நாள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். கை குழாய்ப் பக்கம் நீட்டியிருந்தது. விரல்களுக்குள் குதிகால் தேய்க்கிற கறுப்புக் கல்.

"கால் தேய்ச்சிட்டிருக்கும்போது விழுந்திருக்காங்க" என்று ஷ்வேதா அழுதாள். குழாயில் அந்த உயரத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவள் என் காலில் விழுந்தாள். "நல்லவேளை அங்கிள், உங்ககிட்ட சாவி இருந்தது. இல்லைன்னா கதவை உடைச்சிருக்கணும். வெள்ளிக்கிழமை நீங்க பார்த்தப்போ அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?"

தலையசைத்தேன். அதுதான் நான் செய்த ஒரே பொய். அதுவும் வாயால் சொன்னதில்லை.

மதுவின் வீடியோவை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். கல்லு என்ற கண்டுபிடிப்புக்காக எனக்கு வாழ்த்து வருகிறது. இப்போது கீழே கருத்துப் பகுதியில் வேறு ஒரு விவாதம் நடக்கிறது. நான் பேசி முடிக்கும் இடத்தில் பின்னணியில் வரும் தட்டல் என்ன? குழுவே வேண்டுமென்று வைத்த சங்கேதம் என்கிறார் ஒருவர். ராணுவத் தந்தி மொழி என்கிறார் லக்னோக்காரர். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், தட்டலுக்கு நடுவில் ஒரு குரலும் இருக்கிறது, என்ன மொழி என்றுதான் தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன மொழி என்று எனக்குத் தெரியும். இந்த முறை எனக்குத் தவறாகக் கேட்கவில்லை.

கோபாலன் இப்போது வருவதில்லை. இரங்கல் கூட்டத்தன்று என் குளியலறைக்குப் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவர் என்னைக் கல் மூர்த்தி என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெயருக்குத் தமிழில் என்ன பொருள் என்று அவருக்கும் அன்றுதான் தோன்றியிருக்கும்.

ஈரத் தரையைப் பற்றிச் சொல்லித் தொடங்கினேன். ஜலஜாவைக் கொன்றது தரை அல்ல. நான். முதல் தட்டலிலேயே அது யார், எதற்கு என்று எனக்குத் தெரியும். சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை அவர் கூட்டத்துக்கு வரக்கூடாது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. எனக்கு வெட்கம் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதற்கு என்று சொன்னதும் சரியல்ல. குளிக்கப் போகும்போது இன்னும் அந்தக் குழாயைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் நிற்கிறேன்.

இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்ல வேண்டியது ஷ்வேதாவிடம். அவள் மாதம் ஒருமுறை ஃபோன் செய்கிறாள், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். போன வாரமும் பேசினாள். அவளுக்குத் தமிழைவிட ஹிந்தி சுலபமாக வரும்.

"அங்கிள், அம்மா உங்ககிட்ட ஏதோ சர்ப்ரைஸ் சொல்லப்போறேன்னு சொன்னாங்களே. என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே. கப் பதாயேங்கே?"

எப்போது சொல்வீர்கள் என்று கேட்கிறாள். எதிர்காலத்தில் கேட்ட கேள்வி. இதற்குச் சொல்லும் பதிலில் குழப்பமே வராது.

"கல்" என்றேன்.

மாதாமாதம் இதையேதான் சொல்கிறேன். ஒருமுறைகூட அவளிடம் பொய் சொன்னதில்லை.